கன்றை ஏற்றி நடுங்கள்: ஆண்டிறுதி மழைக்குச் சாகாத பழமரம்

மலேசியாவில் பீடோர், தாப்பா, சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, முன்னால் ஒரு மாங்கன்று, பின்னால் ஒரு பலாக்கன்று வைப்பது. அக்டோபர் வரை கன்று தளதளவென்று நிற்கும். நவம்பர் பிறந்ததும் இலை தொங்கும். தண்ணீர் போதவில்லையோ என்று வீட்டார் இன்னும் இரண்டு வாளி ஊற்றுவார்கள். தீபாவளி முறுக்கு தீர்வதற்குள் கன்றும் தீர்ந்துவிடும்.

கன்றைக் கொன்றது தாகமல்ல, வேரில் தேங்கிய தண்ணீர். மண்ணில் உள்ள சிறு இடைவெளிகளில் காற்று இருந்தால்தான் வேர் மூச்சுவிடும். அவற்றில் தண்ணீர் நிரம்பி நின்றால் வேர் நுனிகள் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் சேற்றில் நிற்கும் கன்றும் வெயிலில் காய்ந்த கன்றைப் போலவே வாடித் தெரிகிறது.

தாமான் வீடுகளில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் உண்டு. பால்மரத் (ரப்பர்) தோட்டமோ செம்பனைத் தோட்டமோ இருந்த நிலத்தை வெட்டி, நிரவி, இயந்திரம் ஓட்டி இறுக்கிய பிறகுதான் வீடு கட்டுகிறார்கள். நல்ல மேல்மண் போய்விடும். மிச்சம் இருப்பது செங்கல் போல் இறுகிய அடிமண். அதில் வெட்டும் குழி, அடைப்பு போட்ட தொட்டிதான்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. உறைபனி விழும் ஊர்களில் வெப்பமண்டல மரம் வளர்ப்பவர்கள் குளிருக்கு முன் அடிமரத்தைச் சுற்றி ஒட்டுப் பகுதிக்கு (ஒட்டுக்கட்டிய இடத்துக்கு) மேல்வரை மண்ணைக் குவிப்பார்கள். கிளையெல்லாம் கருகினாலும் ஒட்டு தப்பும், அங்கிருந்து மறுபடி துளிர்க்கும் என்பது கணக்கு. குளிர் போனதும் மண்ணை விலக்கிவிடுவார்கள். அவர்களுக்கு அது சரி. அதைப் பார்த்து இங்கே தண்டோடு மண் அணைத்தால் பட்டை அழுகி மரமே போய்விடும். அவர்கள் மண்ணை மரத்தின் மேல் ஏற்றுகிறார்கள். நாம் மரத்தை மண்ணின் மேல் ஏற்ற வேண்டும், அதாவது மேடு கட்டி அதன் உச்சியில் நட வேண்டும்.

முதல் படி: தண்ணீர் வடிகிறதா என்று பாருங்கள்

நடப்போகும் இடத்தில் 30 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி முழுக்க வடியவிடுங்கள். மறுபடி நிரப்பி, குச்சி நட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியது என்று அளந்து பாருங்கள்.

5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் 30 செ.மீ. மேடு போதும். 2.5 முதல் 5 வரை என்றால் 50 செ.மீ. மேடு. அதற்கும் குறைவு என்றால் 60 செ.மீ. மேட்டோடு வடிகாலும் வேண்டும். மறுநாள் காலையில் குழியில் தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தொட்டிக்குப் போங்கள்.

இந்தச் சோதனையை இரண்டு நாள் மழை பெய்த பிறகு செய்யுங்கள். வெயில் காலத்தில் களிமண் வெடித்திருக்கும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடி, வடிகால் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். இன்னொன்று: பேராக்கில் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்த தாமான்களில் வெறும் மணலாக இருக்கும். ஊற்றிய தண்ணீர் கண்ணெதிரே மறைந்தால் உங்கள் சிக்கல் நேர்மாறானது. மேடு வேண்டாம், எருவும் மூடாக்கும் (மண்ணைப் புல், சருகால் மூடுவது)தான் வேண்டும்.

குழி வெட்டும்போது பழைய பால்மரக் கட்டையோ வேரோ கிடைத்தால் ஒரு துண்டு விடாமல் தோண்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். பால்மரத்தை அழிக்கும் வெள்ளை வேர் நோய் அந்தக் கட்டையில் உயிரோடு இருந்து பலா போன்ற மரங்களுக்கும் தாவும். வேரின்மேல் வெள்ளை நூல் ஒட்டிப் படர்ந்திருப்பதும், கட்டையில் ஆரஞ்சு நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான் பூப்பதும் அதன் அடையாளம்.

இரண்டாம் படி: இடத்துக்கு ஏற்ற மரம்

ஈரத்தை ஓரளவு தாங்குபவை கொய்யா, ஜம்பு ஆயர் (நீர் ஆப்பிள்), சப்போட்டா (நம் ஊர்ச் சீக்கு). நடுத்தரம் மா, ரம்புத்தான். தாங்கவே தாங்காதவை பப்பாளி, அவகாடோ, பலா, டுரியான். பப்பாளிக்கு இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே போதும், மரம் சாய்ந்துவிடும். முதன்முதலாக நடுகிறவர் கொய்யாவில் தொடங்குவது நல்லது. பீடோர் வட்டாரம் கொய்யாவுக்குப் பெயர் பெற்றது, கன்றும் சுலபமாகக் கிடைக்கும்.

மாவில் ஹருமானிஸ் கேட்டு அலையாதீர்கள். அது பூக்க நீண்ட வறட்சி வேண்டும், அந்த வறட்சி பெர்லிசுக்கு உண்டு, நமக்கு இல்லை. இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும், பூ வராது. சோக் ஆனான் வாங்குங்கள். மழை ஊரிலும் பூக்கும், ஆண்டில் இரண்டு முறைகூடக் காய்க்கும். ரம்புத்தானை விதையிலிருந்து வளர்த்தால் ஆண்மரமாகிப் போகக்கூடும். ஐந்தாறு ஆண்டு காத்திருந்து அதைக் கண்டுபிடிப்பதைவிட ஒட்டுக்கன்று வாங்குவதே மேல்.

வரிசை வீட்டில் இருப்பவர்கள் பலாவையும் டுரியானையும் மறந்துவிடுங்கள். எந்த மரமானாலும் சுவருக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி நடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் கஸ்தூரி லீமாவைத் (சிறு எலுமிச்சை) தொட்டியில் வையுங்கள்.

மூன்றாம் படி: கன்று வாங்குவது

நர்சரியில் உயரமான கன்றைத்தான் கை தேடும். உயரம் முக்கியமில்லை. 60 முதல் 90 செ.மீ. உயரம், விரல் பருமன் தண்டு, ஆறிய ஒட்டு, கடைசித் துளிர் முற்றிக் கரும்பச்சையாக இருப்பது, இவ்வளவு போதும். பாலிபேக்கின் அடியைப் பாருங்கள். தடித்த வேர் ஓட்டை வழியாக வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் கன்று பையிலேயே நெடுநாள் கிடந்திருக்கிறது, உள்ளே வேர் சுருண்டிருக்கும். வேண்டாம்.

நான்காம் படி: மேடு கட்டுவது

வேலையில் முக்கால்வாசி இதுதான். இதில் அவசரப்பட்டுவிட்டு மற்றதையெல்லாம் கவனமாகச் செய்தும் பயனில்லை.

மேற்குக் கரை ஊர்களில் அக்டோபர், நவம்பரில் மழை உச்சம். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு சுற்று. எனவே ஆகஸ்டு தொடக்கத்தில் மேடு கட்டி மாத இறுதியில் நடலாம், அல்லது பிப்ரவரியில் கட்டி மார்ச் தொடக்கத்தில் நடலாம். பெருமழைக்கு முன் வேர் பிடிக்க நான்கு வாரமாவது கிடைக்கும். குளுவாங், சிகாமாட் பக்கம் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரி வெள்ளக் காலத்தில் மண்ணைத் தொடவே வேண்டாம்.

50 செ.மீ. மேட்டுக்கான அளவு: அடியின் விட்டம் 1.8 மீட்டர், உச்சியின் விட்டம் 1 மீட்டர். இதற்கு ஏறக்குறைய 0.8 கன மீட்டர் மண் பிடிக்கும். 60 லிட்டர் தள்ளுவண்டியில் 13 வண்டி. அமுங்குவதையும் சேர்த்து 15 என்று வையுங்கள். 12 வண்டி மேல்மண், 3 வண்டி நன்றாக மக்கிய எரு அல்லது ஆட்டுப்புழுக்கை. மக்காத கோழிச்சாணம் வேண்டாம், அதன் சூடு இளவேரைக் கருக்கும். களிமண்ணை இளக்க மணல் கலக்கலாமா என்று கேட்பார்கள். கொஞ்சமாகக் கலந்தால் இன்னும் இறுகும், பேசாமல் விட்டுவிடுங்கள்.

முதலில் வட்டத்துக்குள் உள்ள புல்லை அகற்றி, தரையைச் சங்கோலால் (மண்வெட்டியால்) 15 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திவிடுங்கள். தோண்டி எடுக்க வேண்டாம், கொத்தினால் போதும். கொத்தாமல் மண்ணைக் கொட்டினால் பழைய தரைக்கும் புது மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும். வேர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிடும்.

பிறகு 15 செ.மீ. அடுக்கு அடுக்காகப் போட்டு ஒவ்வொன்றையும் லேசாக மிதியுங்கள். மேல் இரண்டு அடுக்கில் 150 கிராம் சிஐஆர்பி பாறை பாஸ்பேட்டைக் கலந்துவிடுங்கள். தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்குப் பழக்கமான உரம் அது. மண்ணின் புளிப்பில் மெல்லக் கரைந்து வேரை வளர்க்கும். அதனாலேயே சுண்ணாம்பை அதோடு சேர்த்துப் போடக்கூடாது. புளிப்பு குறைந்தால் பாஸ்பேட் கரையாமல் கிடக்கும். மண்ணின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு) 5க்குக் கீழே இருந்தால் ஜிஎம்எல் எனும் மக்னீசியச் சுண்ணாம்பு 300 கிராமை மூன்று மாதம் கழித்து மேலாகத் தூவுங்கள்.

வடிகால் தேவைப்படும் இடத்தில் மேட்டின் தாழ்ந்த பக்கமாக 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு கால்வாய் வெட்டி லொங்காங்கில் (வீட்டோரச் சாக்கடையில்) சேருங்கள். மீட்டருக்கு 1 செ.மீ. சரிவு போதும். சரிவில்லாத கால்வாய் கொசுவுக்குத்தான் உதவும்.

மேட்டை மூன்று வாரம் அப்படியே விடுங்கள். மழையில் அமுங்கும், பள்ளம் விழும். விழுந்த இடத்தை நிரப்புங்கள்.

ஐந்தாம் படி: நடுவது

மாலையில் நடுங்கள். பையை அறுத்து முழுவதும் எடுத்துவிடுங்கள். “மக்கிவிடும்” என்று அடிப்பகுதியை விடுகிறவர்கள் உண்டு, அது மக்காது. சுருண்ட வேரைக் கத்தரியால் வெட்டுங்கள். உச்சியில் வேர்க்கட்டி அளவுக்கே பள்ளம் எடுத்து, கட்டியின் மேல்விளிம்பு மண் மட்டத்துக்கு 3 செ.மீ. உயர்ந்து நிற்கும்படி வையுங்கள். மேடு இன்னும் அமுங்கும், அதற்கான இருப்பு அது. ஒட்டு மண்ணிலிருந்து 10 செ.மீ.யாவது மேலே இருக்க வேண்டும். பக்கங்களில் மண்ணைத் தள்ளி, கையால் அழுத்தி, 10 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். 5 செ.மீ. தள்ளி ஒரு குச்சி நட்டு, துணிப்பட்டையால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள்.

தண்டைச் சுற்றிப் பாத்தி கட்டும் பழக்கம் வறண்ட ஊர் வழக்கம். இங்கே அதைச் செய்தால் மேடு கட்டியதே வீண்.

ஆறாம் படி: மூடாக்கும் உரமும்

மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. தடிமன், தண்டிலிருந்து 15 செ.மீ. தள்ளி. காய்ந்த புல், இலைச்சருகு எதுவும் ஆகும். செம்பனை ஆலையிலிருந்து டண்டான் கோசோங் (காய் உதிர்த்த வெறுங்குலை) கிடைத்தால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள், பொட்டாசியம் நிறைந்தது. குவித்து வைத்தால் மட்கும் குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

முதல் மாதம் உரமே வேண்டாம். பிறகு ஆறு வாரத்துக்கு ஒருமுறை 15:15:15 (நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாசியம்) பச்சை நிற உரம் 50 கிராம், இலைக்குடையின் விளிம்புக்கு நேர்கீழே வட்டமாக. இரண்டாம் ஆண்டில் 100 கிராம். காய்க்கும் பருவத்தில் நீல நிற உரத்துக்கு, அதாவது 12:12:17:2க்கு மாறுங்கள். அந்த 17 பொட்டாசியம், 2 மக்னீசியம். வானம் கறுத்திருக்கும்போது உரம் போட்டால் லொங்காங்தான் செழிக்கும்.

மழை மாதங்களில்

வாரம் ஒருமுறை மேட்டைச் சுற்றி வாருங்கள். சரிந்த மண்ணை ஏற்றுங்கள், கால்வாயில் சருகு அடைத்தால் வாருங்கள், தண்டோடு ஒட்டிய மூடாக்கை விலக்குங்கள். ஈர மேட்டில் ஏறி மிதிக்காதீர்கள். ஒரு மிதியில் அடங்கும் காற்றிடைவெளி திரும்ப வர மாதக்கணக்காகும்.

இலை தொங்கினால் தண்ணீர் ஊற்றும் முன் விரலை 10 செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வேர் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. மூடாக்கை முழுவதும் எடுத்து மண்ணை வெயில் காணவிடுங்கள். நட்டு ஓராண்டு ஆகாத கன்று என்றால் வேர்க்கட்டியோடு பெயர்த்து, கறுத்து வழுவழுப்பான வேர்களை வெட்டி, மேட்டை 15 செ.மீ. உயர்த்தி மறுபடி நடுவது சாகவிடுவதைவிட நல்லது.

தண்டின் அடியில் பட்டை கறுத்துப் பழுப்பு நீர் கசிந்தால் அது பைட்டாப்தோரா என்னும் நோய்க்கிருமியால் வரும் அழுகல். அழுகிய பட்டையைக் கூர்மையான கத்தியால் நல்ல பட்டை தெரியும் வரை சீவிவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துப் பூசுங்கள். அளவை டப்பாவில் உள்ளபடியே எடுங்கள். தண்டை முழுதாகச் சுற்றிவிட்டதென்றால் பூசிப் பயனில்லை.

வெள்ளம் ஏறி இறங்கிய வீடுகளில் முதல் வேலை, தண்டைச் சுற்றிப் படிந்த வண்டலை வழித்தெடுப்பது. அதன் பிறகு ஒரு மாதம் உரம் வேண்டாம். புதுத் துளிர் தெரிந்த பின் பாதி அளவில் தொடங்குங்கள்.

தொட்டியில் வைப்பவர்களுக்கு

கொய்யாவுக்கும் கஸ்தூரி லீமாவுக்கும் 60 லிட்டர் தொட்டி. அடியில் 2 செ.மீ. ஓட்டைகள் ஆறு, இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் சரளைக் கல் போடுவது வடிகாலைக் கூட்டாது, மண்ணின் ஆழத்தைத்தான் குறைக்கும். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுப்புழு கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரிங்கிட் வரை அபராதம் கட்ட நேரும். கொய்யா அவ்வளவுக்குக் காய்க்க நாளாகும்.