பிரிட்டனில் கரண்ட் பில் ஏன் எகிறுகிறது? வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கோ படிக்கவோ பிரிட்டன் வருபவர்கள் முதல் குளிர்காலத்தில் தவறாமல் கேட்பது இதுதான்: "வீட்டில் ஏசி கூட இல்லையே, எப்படி இவ்வளவு பில்?" ஊரில் அக்னி நட்சத்திரத்தில் மீட்டர் ஓடும், இங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை ஓடும்.

முதலில் அந்த பில் உங்கள் மீட்டரைப் பார்த்துப் போட்டதுதானா என்று பாருங்கள். ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. ஆள் வந்து ரீடிங் எடுப்பார். இங்கே ஸ்மார்ட் மீட்டர் இல்லையென்றால் நீங்கள்தான் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் கம்பெனியே உத்தேசமாக ஒரு கணக்கைப் போட்டுவிடும், பில்லில் 'எஸ்டிமேட்டட்' என்று இருக்கும். சாவி வாங்கும் அன்றே மீட்டரை அதன் நம்பரோடு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் முன்பு குடியிருந்தவர் எரித்ததும் உங்கள் தலையில் விழும். பிரீபெய்டு மீட்டர் என்றால் டாப்-அப் செய்வதற்கு முன்பே கம்பெனிக்குப் போன் போடுங்கள், பழைய ஆளின் கடன் அதில் ஏறியிருந்தால் உங்கள் பணத்திலிருந்துதான் கழியும்.

ரீடிங் சரியா? அப்புறம் சூடாக்கும் சாமான்களைப் பாருங்கள். ஊரிலிருந்து தூக்கி வந்த டேபிள்-டாப் கிரைண்டர் மேல் பழி போடுவார்கள், பாவம், அது 150 வாட், நாற்பது நிமிடம் ஓடினாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். மாவு புளிக்க ஓவன் லைட்டை ராத்திரி முழுக்க விட்டாலும் பெரிதாக ஏறாது. ஆனால் 2 கிலோவாட் ஹீட்டர் ஐந்து மணி நேரம் விடாமல் ஓடினால் பத்து யூனிட், யூனிட் சுமார் 25 பென்ஸ் என்று வைத்தால் இரண்டரை பவுண்டு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அந்த ஒரு ஹீட்டர் பத்தே நாளில் முடித்துவிடும். 9 கிலோவாட் எலக்ட்ரிக் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் ஒன்றரை யூனிட். நாலு பேர் தங்கும் வீட்டில் கூட்டிப் பாருங்கள்.

எனக்கு ரொம்பக் கவலை தருவது இம்மர்ஷன் ஹீட்டர்தான். வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் 3 கிலோவாட்டில் ஒளிந்திருக்கும், ஒருவர் நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போவார், மற்றவர்களுக்கு அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியாது. தொட்டி ஆற ஆற அது திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஸ்டோரேஜ் ஹீட்டர் (ராத்திரி சூட்டைச் சேமித்து வைத்துப் பகலில் விடுவது) இருந்தால் எக்கானமி 7 கட்டணமா என்று விசாரியுங்கள், அதில் ராத்திரி ஏழு மணி நேரம்தான் மலிவு, பகலில் பூஸ்ட் பட்டனைத் தட்டினால் பகல் விலை.

எது தின்கிறது என்று பிடிக்க வழி சுலபம். ஒருவர் ஸ்மார்ட் மீட்டர் டிஸ்ப்ளே முன்னால் நிற்கட்டும், இன்னொருவர் ஒவ்வொரு சாமானாகப் போட்டு அணைக்கட்டும். டிஸ்ப்ளே இல்லையென்றால் மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள், வேகமாக மினுக்கினால் அதுதான் ஆள்.

கடைசியாக ஃபியூஸ் பாக்ஸில் மெயினையே அணைத்துப் பாருங்கள். அப்போதும் மீட்டர் ஓடினால் அது உங்கள் வீட்டு மீட்டராக இல்லாமல் இருக்கலாம், அல்லது பக்கத்து வீட்டு லைனும் அதில் சேர்ந்திருக்கலாம், ஒரே வீட்டைப் பல ஃப்ளாட்டாகப் பிரித்த இடங்களில் இது நடக்கிறது. மீட்டர் நம்பரைக் குறிப்பிட்டு கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அவர்கள் தவறால் பில் போடாமல் விட்ட பாக்கியில் 12 மாதத்துக்கு முந்தையதை உங்களிடம் வசூலிக்கக் கூடாது என்று, கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் அமைப்பின் விதியே இருக்கிறது, அதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள்.