மூணாறுக்குக் கேரவனில் வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

விடுமுறை தொடங்கிவிட்டால் போடியிலிருந்து மலையேறும் கேரவன்கள் (உள்ளேயே படுத்து, சமைத்துத் தங்கும் வண்டிகள்) ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு முறையும் அதே தவறுகள் நடப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன். டயரில் காற்று, டேங்கில் டீசல் என்பதையெல்லாம் வண்டியை வாடகைக்குக் கொடுத்தவரே சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

கேரவனிலேயே ஊர் சுற்றுவது

பணத்தையும் நிம்மதியையும் ஒருசேரக் காவு வாங்கும் தவறு இது. பூப்பாறை, கேப் ரோடு, தேவிகுளம் வழியாக மூணாறுக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 85 இப்போது அகலமாகிவிட்டது. அந்தச் சாலையில் வந்த தைரியத்தில், மறுநாள் காலை மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று அதே வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். டாப் ஸ்டேஷன் 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் குறுகிய சாலை. மாட்டுப்பட்டியைச் சுற்றி இருபுறமும் கடைகள், கார்கள், யானையைப் பார்க்க நிறுத்திய வண்டிகள் வேறு.

கடந்த டிசம்பரில் ஒரு குடும்பம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. எதிரே பஸ் வந்துவிட்டது. பின்னால் வரிசையாகக் கார்கள். ஏற்றத்தில் அரைக் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் ஓட்டியவர். கிளட்ச் தீயும் வாடை வண்டிக்கு வெளியே வந்துவிட்டது. பிறகு ஒதுங்குவதற்காக ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தார். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடல்பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும் என்பது அவருக்குத் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கம் திண்டில் மோதிக் கிழிந்தது. மீட்பு வண்டி வரும்வரை குழந்தைகள் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குடும்பம் மூணாறில் வேறு எதையும் பார்க்கவில்லை. கிளட்ச் தட்டு, இழுவைக் கூலி, வாடகை முன்பணத்தில் பிடித்தம் என்று போன பணத்தில் வாரம் முழுக்க ஜீப் வைத்துச் சுற்றியிருக்கலாம்.

“தங்கும் வீட்டையே கொண்டு வந்திருக்கிறோம், ஜீப்புக்கு எதற்குத் தனிச் செலவு?” என்று கேட்பவர்களிடம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தச் சாலை சுற்றுலாவுக்காக மட்டும் இருப்பதல்ல. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து மூணாறு மருத்துவமனைக்குக் கொண்டு வருவதும் அதே சாலையில்தான்.

கேரவனைத் தங்கும் இடத்திலேயே, சமதளத்தில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திவிடுங்கள். ஊருக்குள் ஆட்டோ போதும். டாப் ஸ்டேஷனுக்கு ஜீப் பேசிக்கொள்ளுங்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் மூணாறிலிருந்து சுற்றுலா பஸ் விடுகிறது. இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு எப்படியும் வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் போகத் திட்டமிடுவது

வரையாடு குட்டி போடும் காலம். பூங்காவை மூடியிருப்பார்கள்.

வரைபடத்தை நம்பிக் கொடைக்கானலுக்குப் புறப்படுவது

டாப் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து பேரிஜம் வழியாகப் பழைய சாலை ஒன்று வரைபடத்தில் தெரியும். அது பல ஆண்டுகளாகப் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட காட்டுப்பாதை.

ஆனையிறங்கல் கரையில் இரவு தங்குவது

அணைக்கட்டு நீரையொட்டி நிறுத்தினால் காலையில் காட்சி அழகாக இருக்கும்தான். ஆனால் அது யானைகள் வந்து போகும் இடம். அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போனது இந்தச் சின்னக்கானல் பகுதியிலிருந்துதான். மற்ற யானைகள் இங்கேயேதான் இருக்கின்றன. உங்கள் வண்டியிலும் அரிசி இருக்கிறது, பழம் இருக்கிறது. சுற்றுச்சுவரும் காவலும் உள்ள விடுதி வளாகத்தில் இடம் கேட்டுத் தங்குங்கள்.

கழிவுநீரை ஓடையில் திறந்துவிடுவது

செய்யாதீர்கள். அந்த ஓடைகள் முதிரப்புழையில் கலந்து பெரியாற்றுக்குப் போகின்றன.

விடியற்காலையில் போடிமெட்டு ஏறுவது

போடியிலிருந்து மேலே வரும் மலைப்பாதைதான் போடிமெட்டு. வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்று நினைப்பார்கள். அந்த நேரத்தில்தான் போடி, தேவாரம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே போகும். கொண்டை ஊசி வளைவில் நீங்கள் திணறி நின்றால் அவர்களுக்கு அன்றைய வேலை தாமதம். ஜீப்புகள் போன பிறகு ஏறுங்கள். பின்னால் வண்டி சேர்ந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள்.

பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது

போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கட்டில், சமையல் மேடை, பேட்டரி எல்லாம் சேர்ந்து கேரவன் எடை மிகுந்த வண்டி. காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் சூடேறி, கடைசி வளைவுகளில் மிதித்தாலும் பிடிக்காது. ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்குங்கள்; நியூட்ரலுக்குப் போகவே கூடாது. தண்ணீர்த் தொட்டியையும் மேலேயே காலி செய்துவிடுங்கள். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. பாதி நிரம்பிய தொட்டி வளைவுக்கு வளைவு அலைந்து வண்டியைச் சாய்க்கும். வாடை வந்தால் நிறுத்தி, சக்கரத்தை ஆற விடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், பிரேக் டிரம் விரிசல் விடும்.