14 அடி அலுமினியம் போட்டுக்கு எந்த மெசின் வாங்குறது?

மே மாசம் பிறந்தா எனக்கு கோல் வரத் தொடங்கிடும். "அண்ணை, 14 அடி அலுமினியம் போட் ஒண்டு ட்ரெயிலரோட வாங்கிட்டன், மெசின் எத்தினை எச்பி போடலாம்?" இதுதான் கேள்வி. மெசின் எண்டா போட்டுக்குப் பின்னால கொழுவுற அவுட்போர்ட் மோட்டர், எச்பி எண்டா அதின்ர குதிரைவலு. ஒன்ராரியோவில எங்கட ஆக்கள் இப்ப கனபேர் சிம்கோ, ரைஸ், ஸ்கூகொக் எண்ட லேக்குகளுக்கு மீன் பிடிக்கப் போகினம், நல்ல விசயம், ஆனா மெசின் வாங்கேக்க எச்பி ஒண்டை மட்டும் பாத்துட்டு வாங்கிறதாலதான் பிரச்சினை வருது.

கடைக்குப் போக முதல் ஒரு அளவு நாடாவோட போட்டடிக்குப் போங்கோ. உள்பக்கம், பின்னுக்கு, சின்னத் தகடோ ஸ்ரிக்கரோ ஒண்டு ஒட்டியிருக்கும். ஆகக்கூடின எச்பி எவ்வளவு, எத்தினை ஆக்கள், ஆக்கள் சாமான் மெசின் எல்லாம் சேத்து எத்தினை கிலோ எண்டு அதில இருக்கும். 12 அடிக்கு பெரும்பாலும் 10 எச்பிக்கு கிட்ட நிக்கும், 14 அடிக்கு 20, 25 எண்டு வரும், ஆனா போட்டுக்குப் போட் வித்தியாசம், அதால உங்கட தகட்டில என்ன இருக்கோ அதுதான் கணக்கு. அதுக்கு மேல ஒரு எச்பியும் கூட்டாதேங்கோ. பின்பலகை பாரம் தாங்காது, அடி விழுந்து ரிவிற் லூசாகி தண்ணி கசியத் தொடங்கும், விபத்தெண்டு வந்தா இன்சூரன்ஸ்காரரும் அந்தத் தகட்டைத்தான் முதல்ல கேப்பினம்.

இப்ப அளவு நாடா எதுக்கெண்டு சொல்லுறன். மெசின் கொழுவுற பின்பலகை இருக்கெல்லோ, ட்ரான்சம், அதின்ர மேல் விளிம்பிலயிருந்து நேர கீழ போட்டின்ர அடி வரைக்கும் அளவுங்கோ. ஷாஃப்ற் எண்டா மெசின்ர தண்ணிக்குள்ள இறங்கிற கால். 15 இன்ச்சுக்குக் கிட்ட வந்தா ஷோர்ட் ஷாஃப்ற், 20 வந்தா லோங் ஷாஃப்ற். இதை நான் என்ர முதல் மெசினுக்கு அளக்கேல்ல. பழைய 9.9 எச்பி ஒண்டு, விலை நல்லா இருந்தது, வித்தவர் எல்லா போட்டுக்கும் பொருந்தும் எண்டார், நானும் நம்பிட்டன். கொண்டுவந்து பூட்டினா அது லோங் ஷாஃப்ற், என்ர போட் 15 இன்ச். அஞ்சு இன்ச் கூடத் தண்ணிக்குள்ள நிண்டு இழுத்துப் பிடிக்குது, பின்னால தண்ணி சீறியடிக்குது, ஸ்கூகொக் மாதிரி ஆழமில்லாத இடத்தில ப்ரொப்பல்லர் போய் சேத்தைக் கிண்டுது. ஒரு சீசன் முழுக்க அப்பிடியே ஓடிட்டு நட்டத்துக்குத்தான் வித்தனான். மாறி, லோங் பலகையில ஷோர்ட் ஷாஃப்ற் போட்டா இன்னும் மோசம், ப்ரொப்பல்லர் காத்தைப் பிடிச்சு வெறுமனே சுத்தும், கூலிங் தண்ணி ஒழுங்கா ஏறாது, எஞ்சின் சூடாகி இறுகி நிண்டுடலாம். சரியாப் பூட்டினா ப்ரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டை இறக்கை போட்டின்ர அடியோட சமனா, இல்லாட்டி ஒரு இன்ச் கீழ நிக்கும்.

அடுத்தது பாரம், இதை ஆக்கள் யோசிக்கிறதே குறைவு. பழைய ரூ ஸ்ரோக் 15 எச்பி 35 கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். இப்ப வாற ஃபோர் ஸ்ரோக்கில 9.9 எச்பியே 40 கிலோ மட்டில, 15, 20 எச்பி 45இலயிருந்து 50 கிலோவுக்கு மேலயும் போகும். அதோட பற்றரி, பெற்றோல் ராங்க், மெசின் பிடிக்கிற ஆள், எல்லாப் பாரமும் கடையார்ப் பக்கமே, அதாவது பின்னுக்கே வந்தா, முன்பக்க அணியம் வானத்தைப் பாக்கும், முன்னுக்கு என்ன இருக்கெண்டு தெரியாது, பின்னால வாற அலை பலகைக்கு மேலால உள்ளுக்க ஏறும். ராங்கையும் பற்றரியையும் நடுவுக்குத் தள்ளி வையுங்கோ.

சரி, எச்பி. தனியாளா, இல்லாட்டி ரெண்டு பேரா, சின்ன லேக்கில கரையோட பாஸ் மீன் பிடிக்கப் போறதெண்டா 9.9 தாராளம், கையால தூக்கிக் கழட்டலாம், பெற்றோலும் மிச்சம். கனடாவில 10 எச்பியோ அதுக்கு மேலயோ போட்டா போட்டுக்கு லைசன்ஸ் நம்பர் எடுத்து ரெண்டு பக்கமும் எழுதவேணும், 9.9க்கு அது தேவையில்ல. ஆனா ஓட்டுறவருக்கு ஒப்பரேற்றர் கார்ட் எந்த மோட்டருக்கும் வேணும், சின்ன எலக்ரிக் மோட்டருக்கும்தான். சில சின்ன லேக்குகளில எச்பிக்கு எல்லை இருக்கு, போக முதல் பாருங்கோ.

மூண்டு பேர், சாமான், ஐஸ் பெட்டி எண்டு சிம்கோவுக்குப் போறதெண்டா 9.9 காணாது எண்டுதான் நான் சொல்லுவன். போட் எழும்பி தண்ணிக்கு மேல வழுக்கி ஓடாது, பிளேன் பண்ணாது எண்டு சொல்லுறது இதைத்தான், கடையார் இறங்கி உழுதுகொண்டு போகும். சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேல பரந்த தண்ணி, காலமை கண்ணாடி மாதிரி இருக்கும், மத்தியானம் காத்து எழும்பினா 14 அடி போட்டுக்கு அது கடல்தான், அந்த நேரம் கரைக்கு வர கையில கொஞ்சம் வலு மிச்சம் இருக்கவேணும். தகடு விட்டா 20 எச்பி போடுங்கோ. மெர்குரி, தொஹற்சு ரெண்டிலயும் 15உம் 20உம் ஒரே 333 சிசி எஞ்சின்தான், பாரமும் ஒண்டுதான், விலையில பெரிசா வித்தியாசம் இல்லையெண்டா 15 எடுக்கிறதில எனக்கு நியாயம் தெரியேல்ல.

ரில்லரா (மெசினிலயே இருக்கிற கைபிடியால திருப்புறது) ஸ்ரியறிங்கா எண்டா 14 அடிக்கு ரில்லர்தான், இடம் மிச்சம், பழுதாக ஒண்டுமில்ல. தோள்மூட்டு நோ உள்ள ஆக்கள் எலக்ரிக் ஸ்ராட் எடுங்கோ, குளிர் காலமையில கயிறு இழுக்கிறது லேசில்ல, கயிறும் கூட இருக்கிற மொடலாப் பாருங்கோ, பற்றரி செத்தா கை குடுக்கும்.

பழசு வாங்கிறதெண்டா, நான் வரும்வரைக்கும் மெசினை ஸ்ராட் பண்ணாதேங்கோ எண்டு விக்கிறவரிட்ட முதலே சொல்லுங்கோ. குளிர் எஞ்சின் எப்பிடிப் பிடிக்குது எண்டதிலதான் உண்மை தெரியும். தண்ணி இல்லாம ஓடவிடக்கூடாது, ஹோஸ் பூட்டி ஓடவிட்டு பின்னால வாற தண்ணித் தாரை பலமா வருதோ எண்டு பாருங்கோ. கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள வாற அமுக்கம், பாத்தா சிலிண்டருகளுக்கு இடையில 10 வீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. கீழ கியர் ஒயில் ஸ்குரூவைக் கொஞ்சம் திறந்து பாருங்கோ, ஒயில் பால் மாதிரி வெள்ளையா வந்தா தண்ணி போயிருக்கு. அனேகமா ப்ரொப்பல்லருக்குப் பின்னால தூண்டில் நரம்பு சுத்தி, தண்ணி போகாம மறிக்கிற ரப்பர் சீல் வெட்டுப்பட்டிருக்கும். எங்கட குளிருக்கு அந்தத் தண்ணி உறைஞ்சா கியர் பெட்டி வெடிக்கும், அதாலதான் ஒவ்வொரு ஒக்ரோபரிலயும் நான் அந்த ஒயிலை மாத்திப்போட்டுத்தான் மெசினை கராஜில, நிமித்தி, நிண்டபடி விடுறனான்.

பூட்டின பிறகு ஒரு வேலை இருக்கு. வழக்கமாப் போற ஆக்களோட, சாமானோட, ஃபுல் திறொட்டிலில ஓடி ஆர்பிஎம், அதாவது எஞ்சின் நிமிசத்துக்கு எத்தினை சுத்து சுத்துது எண்டு பாருங்கோ, பிளக் வயரில சுத்துற சின்ன மீற்றர் விலை குறைவு. இந்த சைஸ் ஃபோர் ஸ்ரோக்குக்கு 5000இலயிருந்து 6000க்குள்ள வரவேணும், உங்கட மொடலின்ர சரியான கணக்கு புத்தகத்தில இருக்கும். அதுக்குக் கீழ நிண்டா பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னுக்குப் போற தூரக் கணக்கு) குறைஞ்ச ப்ரொப்பல்லர் மாத்துங்கோ, ஒரு இன்ச் பிட்ச் குறைச்சா 200 ஆர்பிஎம் மட்டில கூடும். கனபேர் மெசினில வலு இல்லையெண்டு சொல்லி விக்கப் போகினம், ப்ரொப்பல்லர் மாத்தின உடன அதே மெசின் மூண்டு பேரையும் தூக்கிக்கொண்டு எழும்பினதை நான் கண்ணால பாத்திருக்கிறன்.