செட்டிநாட்டு வீட்டிலிருந்து விபிஎன், ப்ராக்ஸி பயன்படுத்தலாமா?

முன்னோர் வழிபாடான படைப்புக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ கோலாலம்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் காரைக்குடிப் பக்கம் வருகிறவர்கள், புறப்படுவதற்கு முன் கேட்கும் கேள்விகளில் அண்மைக்காலமாக ஒன்று கூடியிருக்கிறது. நம் இருப்பிடத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக இணையத்துக்குப் போக உதவும் விபிஎன் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டுத்தான் வர வேண்டுமா என்பதே அது. வளைகுடாவிலிருந்து வருவோர் இதைச் சற்று அச்சத்தோடே கேட்கிறார்கள். இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியை மறைத்துக்கொண்டு குற்றம் புரிவோருக்கு 5 லட்சம் திர்ஹாம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் விதிக்கும் அமீரகச் சட்டம் அவர்கள் மனத்தில் இருப்பதால் அந்த அச்சம் இயல்பானதே.

இந்தியாவின் நிலை வேறு. நமக்கும் தளத்துக்கும் இடையே நின்று போக்குவரத்தைக் கைமாற்றும் ப்ராக்ஸி சர்வரையோ விபிஎன்னையோ பயன்படுத்துவதை மட்டுமே குற்றமாக்கும் சட்டம் எதுவும் நாடு முழுவதற்குமாக இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிறர் கணினியில் அனுமதியின்றி நுழைவது, பிறருடைய கடவுச்சொல்லைக் களவாடுவது, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது ஆகியவற்றுக்குத் தண்டனை சொல்கிறது. இவற்றை எந்த வழியாகச் செய்தாலும் குற்றம் குற்றமே. விதிவிலக்காக, ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் பாதுகாப்பைக் காரணம் காட்டி மாவட்ட நிர்வாகம் குறிப்பிட்ட காலத்துக்கு விபிஎன்னுக்குத் தடையாணை போடுவதுண்டு. ஊர்க் காரியம் முடிந்து வைஷ்ணோ தேவிக்கும் போய்வரத் திட்டமிடுகிறவர்கள், அங்கே போய்ச் சேருவதற்குள் அதை விசாரித்துக்கொள்வது நல்லது.

விபிஎன்னை அரசு தடைசெய்துவிட்டது என்ற பேச்சு பரவியதற்கு மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவே காரணம். விபிஎன் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி முகவரி முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. கடமை நிறுவனத்துக்குத்தானே தவிர, பயன்படுத்துகிறவருக்கு அன்று. இதை ஏற்க விரும்பாத எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்டுவிபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை அதே ஆண்டில் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன. ஆகவே செயலியில் இந்தியக் கொடி தெரிந்தாலும், உண்மையான இயந்திரம் சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருக்கக்கூடும். அலுவலகம் தன் ஊழியர்களுக்கென்று வைத்திருக்கும் விபிஎன் இந்த உத்தரவுக்குள் வராது என்று செர்ட்-இன் விளக்கம் அளித்திருக்கிறது. விடுமுறையிலும் மடிக்கணினியைத் திறந்தே ஆக வேண்டியவர்கள் தயங்க வேண்டியதில்லை.

அரசு முடக்கிய தளங்களைப் பற்றியும் கேட்கிறார்கள். டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் 2020 ஜூன் 29 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் முடக்கப்பட்டன. அந்தப் பிரிவின் சிறைத்தண்டனை, முடக்க ஆணையை நிறைவேற்றத் தவறும், இணைய இணைப்பு தருவோர் போன்ற இடைநிலை நிறுவனங்களுக்குரியது. பார்க்கிறவரைப் பற்றி அது பேசவில்லை. அதற்காகத் தடையைச் சுற்றிக்கொண்டு போவதை ஒரு வேடிக்கையாகச் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன். காரணம் கீழே வருகிறது.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. வெளிநாட்டு சிம்மில் ரோமிங் தரவைப் பயன்படுத்தும்போது, அந்தத் தரவு பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகவே இணையத்துக்குப் போகிறது. கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தாலும், சிங்கப்பூர் சிம் என்றால் ஐபி முகவரி பெரும்பாலும் சிங்கப்பூருடையதாகவே இருக்கும். வெளிநாட்டு வங்கிச் செயலியைத் திறப்பது மட்டுமே நோக்கமென்றால் ப்ராக்ஸி தேவையே இல்லை. வைஃபையை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் ரோமிங்கைத் திறந்தால் போதும். இதை நான் கற்றுக்கொண்டது பட்ட பிறகுதான். ஒரு படைப்பின்போது, இலவச ப்ராக்ஸிச் செயலி ஒன்றின் வழியாக என் வெளிநாட்டு வங்கிக் கணக்குக்குள் நுழைந்தேன். காலையில் காரைக்குடியாகவும், சிறிது நேரத்தில் ஐரோப்பிய நகரம் ஒன்றாகவும் என் இருப்பிடம் தெரிந்ததால் வங்கி கணக்கை நிறுத்திவிட்டது. சமையல்காரருக்குத் தர வேண்டிய பணத்துக்குச் சித்தப்பாவிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று.

இலவச ப்ராக்ஸியில் அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. விபிஎன் பொதுவாகக் கைப்பேசியின் போக்குவரத்து முழுவதையும் மறையாக்கம் செய்கிறது. சாதாரண ப்ராக்ஸி அதை அப்படியே வாங்கி இன்னொரு முகவரியிலிருந்து அனுப்புகிறது, அவ்வளவே. உலாவியின் முகவரிப் பட்டையில் பூட்டுக்குறியில்லாத தளத்தில் தட்டச்சு செய்வதெல்லாம் அதை நடத்துகிறவர் கண்ணில் படும். சில இலவசச் செயலிகள் நம் இணைப்பையே பிறருக்கு வெளியேறும் வாசலாக வாடகைக்கு விடுகின்றன. அப்போது முகம் தெரியாத ஒருவர் செய்யும் மோசடி, நம் வீட்டு ஐபி முகவரியிலிருந்து நடந்ததாகப் பதிவாகும்.

செட்டிநாட்டில் இது சிக்கலாவதற்குக் காரணம் வீட்டின் அமைப்புத்தான். பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கும். ரவுட்டர் முகப்பில் இரும்புப் பெட்டியின்மேல் இருக்கும். கனத்த சுவர்களைத் தாண்டி அதன் சமிக்ஞை இரண்டாங்கட்டுக்கு எட்டாது என்பதால் எல்லாரும் முற்றத்தில் கூடுவார்கள். கடவுச்சொல் காலண்டர் அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். வந்த விருந்தினர் அனைவரும் அதைப் பார்த்துத்தான் இணைவார்கள். பின்னொரு நாள் காவல்துறை அந்த ஐபி முகவரியைத் தேடி வந்தால், நாம் விமானம் ஏறியிருப்போம். கட்டணச் சீட்டில் பெயர் உள்ள சித்தப்பா பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆகவே விபிஎன் ஓடும் கைப்பேசிக்குத் தனி இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களும் கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டி இந்திய சிம் வாங்கலாம். உறவினர் பெயரில் வாங்கிப் பயன்படுத்துவது வேண்டாம். மாளிகை விடுதிகளில் தங்குவோருக்கு, வைஃபை அவர்கள் எண்ணுக்கு வரும் ஓடிபியின் பேரில் திறக்குமானால், அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

விபிஎன்னால் சட்டபூர்வமாக்க முடியாத ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் உரிமம் பெற்ற பந்தயத் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர், தேவகோட்டையிலிருந்து லண்டன் சர்வர் வழியாக அதே கணக்கில் பந்தயம் கட்டினால், அவர் ஆடுவது தமிழ்நாட்டில்தான். மாநிலத்தின் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம், ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. திருட்டுத்தனமாகப் படம் இறக்குவதும் அப்படியே. பதிப்புரிமைச் சட்டம் ப்ராக்ஸியைப் பார்த்து விலகிப் போகாது. வெளிநாட்டுச் சந்தா ஒளிபரப்பை விபிஎன் வழியாகப் பார்ப்பது பெரும்பாலும் அந்நிறுவனத்தின் நிபந்தனையை மீறுவதாகும், கணக்கு முடங்கலாம்.

 

கணக்கில் பணம் திருடுபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வழியிருக்கிறது. ஊருக்குத் திரும்பும் நாளில், காலண்டர் அட்டையில் உள்ள கடவுச்சொல்லை மாற்றிவிடும்படி வீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.