சென்னை – லண்டன்: வான்தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்தால் வரும் தூரம் தப்பு. உருண்டையான பூமியைத் தட்டையாக்கியபோதே தூரங்கள் கோணிவிட்டன. ஒரு உருண்டை மாடலில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைப்பதுதான் மிகக் குறுகிய வழி. அதையே கணக்காகப் போட சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். செல்போனில் இருப்பதே போதும்.

சென்னை விமான நிலையம் வடக்கு 12.99 டிகிரி, கிழக்கு 80.17 டிகிரி. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம் வடக்கு 51.47, மேற்கு 0.45. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: 80.62. இப்போது,

(சைன் 12.99 × சைன் 51.47) + (கொசைன் 12.99 × கொசைன் 51.47 × கொசைன் 80.62) = 0.2748

எந்தக் கோணத்துக்கு இந்த கொசைன் வரும் என்று ஷிஃப்ட்டும் கொசைனும் அழுத்திப் பார்த்தால் 74.05 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.19 கிலோமீட்டர். பெருக்கினால் சுமார் 8,234 கி.மீ.

விடை கன்னாபின்னாவென்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் (கோணத்தின் இன்னொரு அலகு) இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். கூட்டவேண்டிய 0.45-ஐக் கழித்துவிட்டால் 62 கி.மீ. குறையும். 12 டிகிரி 59 நிமிடத்தை 12.59 என்று அடிப்பது இன்னொரு வழக்கமான தவறு; இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, அதை 60ஆல் வகுத்த பிறகே சேர்க்க வேண்டும். இணையத்தில் 4,446 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், அது கடல் மைல் (1.852 கி.மீ.). சாதாரண மைலில் இதே தூரம் சுமார் 5,116.

நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட்கள் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கின்றன. 36,000 அடி உயரக் குளிரில் அது மணிக்கு சுமார் 900 கி.மீ. ஆனால் விமானம் நூல் பிடித்தாற்போல் போவதில்லை. மூடிய வான்வெளிகளைச் சுற்ற வேண்டும், வான்பாதைகளைப் பின்பற்ற வேண்டும். 5 சதவீதம் கூட்டி 8,646 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. அந்த உயரத்தில் அது பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசும். லண்டன் போகும்போது எதிர்க்காற்று 40 கி.மீ. என்றால் வேகம் 860. பத்து மணி நேரம். ஏறி இறங்கும்போது வேகம் குறைவதற்கும் தரையில் உருளுவதற்குமாக 40 நிமிடம் சேர்த்தால் ஏறக்குறைய 10 மணி 45 நிமிடம். திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும்: 940 வேகத்தில், அதே 40 நிமிடத்தையும் சேர்த்து, பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. குளிர்காலத்தில் காற்று வலுப்பதால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் அந்தந்த ஊர் கடிகாரத்தின்படி. சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் 11.45க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் பயணம் ஆறேகால் மணி நேரம் அல்ல. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரத்தைக் கூட்டுங்கள், மற்ற நாட்களில் ஐந்தரை. இதை மாற்றிப் போட்டு ஒரு மணி நேரம் பிசகுகிறவர்கள் நிறைய.

துபாய் வழியாகப் போனால் சுற்று அதிகம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் 2,933 + 5,497 = 8,430; நேர்வழியைவிட 196 கி.மீ.தான் கூடுதல், கால் மணி நேரம்கூட இல்லை. நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பதுதான். டிக்கெட் எடுக்கும்போது அதைப் பாருங்கள்.