எத்தனை டம்ளர்? வீட்டுச் சலவை சோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சோப்பு போடக் கற்றுக்கொள்ள ஒரு பெண் வந்திருந்தாள். சிலிக்கான் அச்சு, லாவண்டர் வாசனை எண்ணெய், முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி என்று எல்லாம் புதிதாக வாங்கிப் பையில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். பையைத் துழாவிப் பார்த்துவிட்டு, "தராசு எங்க அம்மிணி?" என்றேன்.

"டம்ளர் கொண்டாந்திருக்கறனுங்க்கா. எண்ணெய்க்கு எத்தனை, காஸ்டிக்குக்கு எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சிரிப்பு வரவில்லை. நானும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவள்தான். அவர்களும் டம்ளர் கணக்கே சொல்லிக்கொடுத்தார்கள். அது என்ன விலைக்கு வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாவை, அதாவது காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றக் கூடாது. இவற்றை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். கேட்டும் இருப்பீர்கள்.

டம்ளர் கணக்கு

நம் வீட்டுப் பெண்களுக்குக் கையளவு, கண்ணளவு என்பது பெருமையான விஷயம். என் மாமியார் குழம்புக்கு உப்பு போட்டால் ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது. அந்தக் கைதான் சோப்பில் நம்மைக் கவிழ்க்கிறது. குழம்பில் உப்பு கூடிப்போனால் உருளைக்கிழங்கு வெட்டிப் போடலாம். சோப்பில் காஸ்டிக் கூடிப்போனால் அச்சில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. துணியிலும் தோலிலும்தான் தெரியும்.

என் கதையைச் சொல்கிறேன். அந்த வருடம் தீபாவளிப் பலகாரம் சுட்டு மீந்த சூரியகாந்தி எண்ணெய் இரண்டு லிட்டர் இருந்தது. கொட்ட மனசில்லை. கையில் இருந்த குறிப்பு "ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஒரு டம்ளர் காஸ்டிக்". அது தேங்காய் எண்ணெய்க்கு எழுதிய குறிப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு டம்ளர் போட்டேன். சோப்பு வெள்ளை வெளேரென்று, கல் மாதிரி, பார்க்கவே அழகாக வந்தது. நாத்தனார் வீட்டுக்கு நான்கு கட்டி, பக்கத்து வீட்டுக்கு இரண்டு கட்டி என்று கொடுத்தும் விட்டேன்.

மாமியார் அந்தச் சோப்பைக் கரைத்து, பேத்தியின் பட்டுப் பாவாடையில் பாயசம் கொட்டிய இடத்தை அரைமணி நேரம் ஊறவைத்தார். எடுத்துப் பிழிந்தபோது கரை ஓரம் ஈரக் காகிதம் மாதிரி கிழிந்து வந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் மிச்சப் பட்டில் மினுமினுப்பே இல்லை, விறைத்துக் கிடந்தது. பட்டும் கம்பளியும் நம் முடியைப் போலப் புரதம். காஸ்டிக் அதைத் தின்றுவிடும். பருத்தி தாங்கும், அதனால்தான் மற்ற துணிகளில் எனக்கு எதுவும் தெரியவில்லை. மாமியாருக்கு விரல் இடுக்கெல்லாம் சிவந்து, மூன்றாம் நாள் தோல் உரிந்தது. "ஒண்ணுமில்ல கண்ணு, வெயிலுக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. கொடுத்த ஆறு கட்டியையும் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி வந்தேன்.

பிறகு தராசு வாங்கி அதே டம்ளரை நிறுத்தேன். ஒரு டம்ளர் காஸ்டிக் 190 கிராம். இரண்டு டம்ளர் 380. எண்ணெயோ இரண்டு லிட்டர் என்றாலும் எடையில் 1,820 கிராம்தான். அதற்குத் தேவையான காஸ்டிக் 244 கிராம். நான் போட்டது அதைவிட 136 கிராம் கூட. நான் செய்தது சோப்பே இல்லை, காரக்கட்டி.

இதில் இரண்டு தவறு ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. இரண்டையும் இன்றும் யாராவது செய்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

முதலாவது, லிட்டரைக் கிலோ என்று எடுத்துக்கொள்வது. எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ஒரு லிட்டருக்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம் காஸ்டிக். ஒரு லிட்டருக்கு அது 166 கிராம்தான். லிட்டருக்கு 183 போட்டால் பத்தில் ஒரு பங்கு காரம் மீந்து நிற்கும். சுற்றில் வருகிற குறிப்புகள் பலவற்றில் "ஒரு லிட்டருக்கு 200 கிராம்" என்றுதான் இருக்கிறது. யார் முதலில் எழுதினார்களோ, அவர்களைக் கூப்பிட்டு அந்தச் சோப்பிலேயே பாத்திரம் விளக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, எல்லா எண்ணெயையும் ஒன்றாக நினைப்பது. எண்ணெய்க்கு எண்ணெய் காஸ்டிக் மாறும். கிலோவுக்குத் தோராயமாக தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம், பாமாயிலுக்கு 141, வேப்பெண்ணெய்க்கு 138, கடலை எண்ணெய்க்கு 136, சூரியகாந்திக்கும் நல்லெண்ணெய்க்கும் 134. தேங்காய் எண்ணெய் மட்டும் தனியாக எங்கேயோ நிற்பதைக் கவனியுங்கள். எங்கள் காங்கேயம் பக்கம் தெருவுக்குத் தெரு கொப்பரைக் களம், எண்ணெய் ஆலை. அதனால் பழைய குறிப்பெல்லாம் தேங்காய் எண்ணெய்க்கு எழுதியது. இப்போது விற்கிற விலைக்கு அதை வாங்க முடியாமல் பாமாயிலுக்கு மாறுகிறவர்கள், குறிப்பை மட்டும் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

டம்ளருக்கு இன்னொரு கோளாறும் உண்டு. காஸ்டிக் சில்லாக வந்தால் டம்ளரில் இடைவெளி விட்டு நிற்கும், மணியாக வந்தால் நெருங்கி உட்காரும். ஒரே டம்ளரில் நாற்பது கிராம் வரை வித்தியாசம் வரும். மழைக்காலத்தில் திறந்து வைத்த காஸ்டிக் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசகசவென்று ஒட்டிக்கொள்ளும், அதன் வீரியமும் குறையும். கட்டி தட்டிய காஸ்டிக்கில் எந்தக் கணக்கும் நிற்காது. அதைச் சாக்கடை அடைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக்கென்று விற்கிற, ஒரு கிராம் வரை காட்டுகிற தராசு போதும். ஆனால் "முதலில் நூறு கிராம் எண்ணெயில் செய்து பார்க்கிறேன்" என்று இறங்காதீர்கள். நூறு கிராம் தேங்காய் எண்ணெய்க்குக் காஸ்டிக் பதினெட்டே கிராம். தராசு ஒரு கிராம் பிசகினாலே நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போய்விடும். அரைக் கிலோவுக்குக் கீழே நான் யாரையும் தொட விடுவதில்லை. பேட்டரி இறங்கிய தராசு எண்ணைத் தாவிக் காட்டும். அப்போது கையை எடுத்துவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள்.

பலகாரம் சுட்ட எண்ணெய் என்றால் எதில் எது கலந்தது என்று தெரியாது. அப்போது எந்த எண்ணெய்க்குக் குறைவாக வேண்டுமோ அதன் கணக்கை எடுங்கள். கிலோவுக்கு 130 கிராமோடு நான் நிறுத்திக்கொள்வேன். எண்ணெய் சற்று மீந்தால் சோப்பு கொஞ்சம் மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே தேங்காய் எண்ணெயில் லிட்டருக்கு 183 கிராம் காஸ்டிக் போட்டுச் செய்துவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். லிட்டருக்கும் கிலோவுக்கும் நடுவே காணாமல் போன 90 கிராம் எண்ணெயைத் திரும்பக் கொடுத்தால் போதும். கையுறையோடு சோப்பைத் துருவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, எவர்சில்வர் பாத்திரத்தில் சின்னத் தீயில் கூழாகக் காய்ச்சி, லிட்டருக்கு 90 கிராம் எண்ணெய் நிறுத்து ஊற்றிக் கிண்டுங்கள். எண்ணெய் மேலே தெரியாமல் உள்ளே போன பிறகு அச்சில் அள்ளி வையுங்கள். அழகாக இருக்காது, ஆனால் துவைக்கும்.

மஞ்சள் வைத்துப் பார்ப்பது

சோப்பில் மஞ்சள்தூள் தடவி, சிவந்தால் காரம் கூட என்கிறார்கள். மஞ்சள் கறை பட்ட சட்டைக்கு எந்தச் சோப்பைப் போட்டாலும் சிவக்கத்தானே செய்கிறது? நல்ல சோப்பே காரத்தன்மை உள்ளதுதான். இந்தச் சோதனையில் எந்தச் சோப்பும் தேறாது. நான்கு வாரம் காய்ந்த கட்டியில் ஈர விரலைத் தேய்த்து நாக்கு நுனியில் லேசாக வைத்துப் பார்ப்பதுதான் பழைய முறை. சோப்புச் சுவை மட்டும் தெரிந்தால் சரி. சுரீரென்று மின்சாரம் மாதிரி அடித்தால் காரம் மிச்சம்.

அலுமினியப் பாத்திரம்

கூடவே கூடாது. பொங்கிப் புகைந்து ஓட்டையாகிவிடும், கிளம்புகிற வாயுவும் தீப்பற்றும்.

சோடா என்று கேட்டு வாங்குவது

மளிகைக் கடையில் "சோடா கொடுங்கள்" என்றால் ஆப்ப சோடா கொடுப்பார்கள், சலவை சோடா கொடுப்பார்கள். இரண்டிலும் எண்ணெய் சோப்பாகாது. எத்தனை நேரம் கிண்டினாலும் எண்ணெய் எண்ணெயாகவே நிற்கும். வேண்டியது காஸ்டிக் சோடா. அடைப்பு நீக்கும் பொடியும் காஸ்டிக்தானே என்று அதை வாங்காதீர்கள், பலவற்றில் அலுமினியத் துணுக்கு கலந்திருக்கும்.

குளியல் சோப்புக் குறிப்பில் துணி சோப்பு

குளியல் சோப்பில் தோல் வறளாமல் இருக்க வேண்டுமென்றே எண்ணெயை மீத்து வைப்பார்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டுச் செய்தால் நூற்றுக்கு இருபது வரைகூட மீத்து வைப்பது உண்டு. அந்தச் சோப்பில் துவைத்தால் மீந்த எண்ணெய் துணியில் ஏறும், நாள்பட்டால் சட்டைக் காலரில் சிக்கு வாடை வரும். துணிக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்கு மேல் மீத்து வைக்க வேண்டாம்.

வெட்ட மறந்து தூங்கிவிடுவது

தேங்காய் எண்ணெய் சோப்பு அவசரக்காரச் சோப்பு. தோசை மாவுப் பதத்தில் மாலை அச்சில் ஊற்றினால் இரவு படுக்கும் முன்பே வெட்டும் பதத்துக்கு வந்துவிடும். அழுத்தினால் விரல் பதியாமல், ஆனால் இன்னும் கதகதப்பாக இருக்கும்போது வெட்டிவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கத்தி வைத்த இடத்தில் கடலை மிட்டாய் மாதிரி உடையும்.

உப்புத் தண்ணீரைக் குறை சொல்லாமல் சோப்பைக் குறை சொல்வது

சோப்பு சரியாக வந்த பிறகும் "துணி வெளுக்கலீங்க்கா, வெள்ளை வேட்டி சாம்பல் பூத்துப் போச்சு" என்று வருகிறவர்கள் உண்டு. போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திப்பி திப்பியாகத் திரியும். அந்தத் திப்பிதான் வேட்டியில் படிகிறது. துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் வழுக்குவதும் இதனால்தான். கடையில் விற்கிற சோப்புத்தூளில் இருப்பது வேறு சரக்கு, அது இப்படித் திரியாது. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நம் சோப்பு மட்டமாகத் தெரிகிறது. மழைத் தண்ணீர் பிடித்து அதே சோப்பைப் போட்டுப் பாருங்கள், நுரை பக்கெட்டை விட்டு வெளியே வரும்.

தண்ணீரில் இந்தக் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்பதைத்தான் கடினத்தன்மை என்கிறார்கள். குடிதண்ணீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை, வேறு வழியில்லை என்றால் 600 வரை என்கிறது. 600 உள்ள தண்ணீரில் பதினைந்து லிட்டர் பக்கெட் ஒன்றுக்குப் பத்து கிராம் சலவை சோடாப் பொடி வேண்டும். அதைத் தண்ணீரில் முதலில் கரைத்து, பத்து நிமிடம் விட்டு, அப்புறம்தான் சோப்பு. சோப்பைப் போட்டபின் சோடாவைத் தூவுகிறவர்களுக்குத் திப்பி ஏற்கெனவே உண்டாகிவிட்டிருக்கும். முதல் அலசல் தண்ணீரிலும் அரைக் கரண்டி சோடா கரையுங்கள். துவைப்பதில் வராத திப்பி அலசும்போது வருவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த மண்ணில் இருந்ததும் இந்தச் சோடாதான். சோப்பே இல்லாமல் வெளுத்துக் காட்டினார்கள்.

பட்டுக்கு நம் சோப்பு எந்த நாளும் வேண்டாம். பூந்திக்கொட்டையைக் கொட்டை நீக்கி ஊறவைத்துக் கசக்கிய தண்ணீர் போதும், உப்புத் தண்ணீரிலும் திரியாது. அன்றைக்கு ஊறவைத்தது அன்றைக்கே, மறுநாள் புளித்துவிடும்.

சோப்புத் தண்ணீரில் வினிகர், எலுமிச்சை

சோப்பு திரும்ப எண்ணெய்ப் பிசுக்காகிவிடும். ஊற்ற வேண்டாம்.

கட்டிக்கு மைதா

எடை கூடும். மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும்.

வாஷிங் மெஷின்

போர்த் தண்ணீர் வீடு என்றால் போடாதீர்கள். திப்பி டிரம்முக்குப் பின்னால் போய் உட்காரும். சுத்தம் செய்ய வருகிறவர் வாங்கும் காசில் ஒரு வருடச் சோப்பு வாங்கலாம்.

மீந்த காஸ்டிக்

இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, மேலே பெரிய எழுத்தில் பெயர், சமையலறைக்கு வெளியே, பிள்ளைகள் கைக்கு எட்டாத பரண். மணிக் காஸ்டிக் பார்ப்பதற்கு ஜவ்வரிசி மாதிரியே இருக்கும்.