சீசன் முடிந்த பிறகும் விற்பது எப்படி: மலையில் வீட்டுத்தொழில் செய்பவர்களுக்கு

கொடைக்கானலில் வீட்டிலிருந்தே ஜாம், ஊறுகாய், சாக்லேட் என்று ஏதாவது செய்யும் பெண்கள் யோசனை கேட்டு வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான். போன வருஷம் உங்களிடம் வாங்கியவர்களில் இரண்டாவது தடவையும் வாங்கியது யார் யார்? பெரும்பாலும் பதில் வராது. ஏப்ரல், மேயில் கூட்டம் வந்தது, வாங்கியது, இறங்கிப் போய்விட்டது. வாங்கியவரின் பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது.

நான் நாயுடுபுரத்தில் வீட்டிலேயே பிளம்ஸ் ஜாமும் மலைப்பூண்டு ஊறுகாயும் செய்து விற்கிறேன். இன்று என் விற்பனையில் பெரும்பகுதி கீழே மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர் வீடுகளுக்குப் போகிறது. அவர்களில் பலர் ஒரு தடவை ஏரிப்பக்கம் சுற்றிப்பார்க்க வந்தவர்கள். சுற்றுலாக் கூட்டத்தை மட்டும் நம்பித் தொழில் செய்வது ஆபத்து. 2024 மே 7 முதல் இங்கே வர இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 சீசன் மாதங்களுக்கு உயர் நீதிமன்றம் வண்டிகளுக்கு வரம்பே வைத்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000. மலைக்கு அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் அடுப்பு பன்னிரண்டு மாதமும் எரிய வேண்டுமானால் முதல் விற்பனையைவிட இரண்டாவது விற்பனைக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும்.

முதலில் விலை

பேச்சுத் திறமையெல்லாம் அப்புறம். விலை சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் நஷ்டம்தான். 250 கிராம் ஜாம் பாட்டில் ஒன்றுக்கு இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். கொட்டையோடு 200 கிராம் பழம் 16 ரூபாய், சர்க்கரை 7, மூடியோடு கண்ணாடி பாட்டில் 18, லேபிள் 4, கேஸ் 8, உடைசலுக்கும் வீணாவதற்கும் 4. இத்தோடு நிறுத்தினால் 57 ரூபாய். இங்கேதான் நம் பெண்கள் கணக்கை மூடிவிடுகிறார்கள். உங்கள் கூலியை யார் போடுவது? பழம் கழுவி, கொட்டை எடுத்து, கிளறி, பாட்டிலில் அடைத்ததற்கு 25 ரூபாய் சேர்த்தால் 82.

இப்போது 100 ரூபாய்க்கு விற்றால் 18 ரூபாய் லாபம் போலத் தெரியும். ஆனால் நாளைக்கு ஒரு கடைக்காரர் 25 சதவீதம் கமிஷன் கேட்டால் உங்கள் கைக்கு வருவது 75. ஒவ்வொரு பாட்டிலுக்கும் 7 ரூபாய் நீங்களே போட்டுக் கொடுப்பதாக ஆகிவிடும். 150 என்று வைத்தால் கடைக்குக் கொடுத்தது போக 112 ரூபாய் 50 காசு வரும், 30 ரூபாய் 50 காசு நிற்கும். நேரில் வாங்குபவருக்கும் அதே 150தான். நேரில் 120, கடையில் 150 என்று இரண்டு விலை வைத்தால் கடைக்காரர் ஒரே வாரத்தில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

விற்பவரைப் பார்த்துக் கற்பது

விற்கக் கற்றுக்கொள்ள நான் பார்த்ததில் நல்ல இடம் நம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. காய் வாங்கப் போகிறவர்கள் பை நிறைந்ததும் திரும்பிவிடாமல், நன்றாக வியாபாரம் நடக்கும் ஒரு கடைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். கேரட் விற்கும் அக்கா கூவிக்கொண்டே இருக்க மாட்டார். வந்தவர் எதைக் கையில் எடுக்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "பொரியலுக்கா, அல்வாவுக்கா?" என்று ஒரு கேள்வி. அதற்கு வரும் பதிலை வைத்துப் பொறுக்கிப் போடுவார். வாங்கியவர் அடுத்த வாரமும் அங்கேதான் வருவார்.

அந்தக் கேள்விதான் விற்பனையில் பாதி. என் வாசலில் நடக்கும் பேச்சு இந்த மாதிரி இருக்கும்:

"அக்கா, கடையில இதைவிடக் கம்மிக்குக் கிடைக்குதே?"

"கிடைக்கும் தம்பி. இது வில்பட்டிப் பக்கத்துப் பழம். தோலோட சேர்த்துக் காய்ச்சுறதால வர்ற நிறந்தான், கலர் எதுவும் போடல. கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்கும், முதல்ல ருசி பாருங்க. வீட்ல யாருக்கு வாங்குறீங்க?"

"பசங்களுக்கு. சப்பாத்திக்கு."

"அப்ப இது சரியா இருக்கும். பிரட்டுக்குத் தடவ இன்னும் இனிப்பா வேணும்னா பேரிக்காய் ஜாம் எடுத்துக்கங்க."

கவனித்தீர்களா, கடை ஜாமை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. புளிப்பு என்பதையும் மறைக்கவில்லை. புளிப்பு பிடிக்காதவர் வாங்கிப்போய் ஏமாந்தால் திரும்ப வரமாட்டார். நமக்குத் தேவை திரும்ப வருகிறவர். பேரம் பேசினால் விலையைக் குறைக்காதீர்கள். மூன்று பாட்டில் எடுத்தால் சின்ன ஊறுகாய் பாட்டில் ஒன்று சேர்த்துக் கொடுங்கள். விலை அப்படியே நிற்கும், அடுத்து வாங்க இன்னொரு பொருளும் அவர்களுக்கு அறிமுகமாகிவிடும்.

வேண்டாம் என்று போகிறவர்கள் சொல்லும் காரணத்தை எழுதி வையுங்கள். "கண்ணாடி பாட்டில், பையில் உடைஞ்சிடும்" என்று பலரும் சொன்னால் குறை ஜாமில் இல்லை, கட்டிக் கொடுப்பதில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். லேபிள், விலை, பாட்டில் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் விற்றது என்று தெரியாமல் போய்விடும். சொந்தக்காரர்களிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள். அவர்கள் பாசத்தில் வாங்குவார்கள், பாசத்தில் நன்றாக இருக்கிறது என்பார்கள்.

லேபிள் பேச வேண்டியது, பேசக்கூடாதது

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். வீட்டு அடுப்பில் செய்தாலும் வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண் லேபிளில் வரவேண்டும். அதோடு சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எப்போது வரை நல்லது, தொகுப்பு எண், எல்லா வரியும் உட்பட்ட விலை, முகவரி, தொடர்பு எண், சைவத்துக்கான பச்சை அடையாளம். ஜாம் என்று பெயர் போட வேண்டுமானால் பிளம்ஸ் போன்ற பழங்களில் பழத்தின் பங்கு குறைந்தது 45 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுடையதில் அதற்கு மேல் இருந்தால் அதைப் பெரிதாகப் போடுங்கள், நல்ல விளம்பரம்.

பூண்டு விஷயத்தில் கவனம் தேவை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற சட்டப்படியான அடையாளம், கிடைத்தது. அந்த அடையாளத்தை லேபிளில் அச்சடிக்க, பதிவுபெற்ற பயன்பாட்டாளராக இருக்க வேண்டும். இங்கே பூம்பாறை கிராமத்துப் பூண்டில் செய்தது என்று உண்மையைச் சொல்லுங்கள், அதுவே போதும். வாயுத் தொல்லைக்கு நல்லது, பிள்ளை பெற்றவர்களுக்கு நல்லது என்று நம் பாட்டிமார் சொல்வதை வாங்குபவர்கள் அவர்களாகவே சொல்வார்கள். நாம் லேபிளிலோ விளம்பரத்திலோ நோய் தீரும் என்று எழுதக்கூடாது. சட்டம் அனுமதிக்காது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு நம் ஊறுகாயை நம்பினால் என்ன ஆகும்?

நோட்டும் வாட்ஸாப்பும்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டு போடுங்கள். வாங்கியவர் பெயர், ஊர், என்ன வாங்கினார், யாருக்காக, எப்போது தீரும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 250 கிராம் ஜாம் மூன்று வாரம் தாங்கும். ஊறுகாய் இன்னும் அதிக நாள் வரும். அந்தக் கணக்கில் தேதி குறித்து வைத்தால் சரியான நேரத்தில் கேட்கலாம்.

எண்ணை எப்படி வாங்குவது? "நம்பர் கொடுங்க" என்றால் தயங்குவார்கள், நியாயம்தான். நான் பாட்டிலோடு ஒரு சின்ன அட்டை கொடுப்பேன். அதில் வாட்ஸாப் க்யூஆர் குறியீடு. "தீர்ந்ததும் எழுதுங்க, வீட்டுக்கே அனுப்புறேன். பாட்டில் வழியில உடைஞ்சா படம் அனுப்புங்க, வேற அனுப்பிடுறேன்" என்று சொல்லிக் கொடுப்பேன். அவர்களே முதல் செய்தி அனுப்பினால் அனுமதியும் கிடைத்தது, எண்ணும் கிடைத்தது. அப்போதே "என் நம்பரை சேவ் பண்ணிக்கங்க" என்றும் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது: ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸாப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும்.

சாதாரண வாட்ஸாப்புக்குப் பதில் வாட்ஸாப் பிசினஸ் போடுங்கள், இலவசம். அதிலுள்ள கேட்டலாகில், அதாவது பொருள் பட்டியலில், பொருளும் விலையும் ஏற்றிவிட்டால் "ரேட் என்ன" என்ற கேள்விக்கு நூறு தடவை டைப் செய்ய வேண்டாம். வாடிக்கையாளர்களை வகை பிரித்துக் குறித்து வைக்க அதில் இருக்கும் லேபிள் வசதியில் நான் வைத்திருப்பவை: புதியவர், பணம் வரவேண்டும், அனுப்பியாச்சு, திரும்ப வாங்குபவர்.

நினைவூட்டும் செய்தி சுருக்கமாக, அவருக்கென்றே எழுதியதாக இருக்கட்டும்:

"வணக்கம் மேடம், கொடைக்கானல் பிளம்ஸ் ஜாம். பையனுக்கு ஜாம் பிடிச்சிருந்ததா? இந்த வாரம் புதுசா காய்ச்சினேன். வேணும்னா சொல்லுங்க, வியாழக்கிழமை அனுப்புறேன்."

பதில் வராவிட்டால் இன்னொரு மாதம் விடுங்கள். தினமும் குட்மார்னிங் படம் அனுப்பினால் மியூட் செய்துவிடுவார்கள், அப்புறம் நல்ல செய்தியும் கண்ணில் படாது. அதற்குப் பதில் ஸ்டேட்டஸில் வேலையைக் காட்டுங்கள். பழம் வந்து இறங்குவது, கொட்டை எடுப்பது, பூண்டு உரிப்பது. படம் எடுக்க நம் ஊரின் மேகமூட்டமே போதும். ஜன்னலோரம் வைத்து எடுத்தால் நிழல் கடுமையாக விழாது, ஃபிளாஷ் வேண்டாம். மூடிய பாட்டிலைவிட, தோசை ஓரத்தில் ஒரு கரண்டி ஜாம் இருக்கும் படத்துக்கே எனக்கு அதிகம் பேர் பதில் போடுகிறார்கள். இன்ஸ்டாகிராம் ரீலும் இதே மாதிரிதான். காசு கொடுத்து விளம்பரம் போடுவதை நோட்டில் ஐம்பது பெயராவது சேரும்வரை தள்ளிப்போடுங்கள். யார் வாங்குகிறார்கள், எந்த ஊர் என்று தெரிந்த பிறகு அந்த ஊருக்கு மட்டும் சின்னத் தொகையில் போட்டால் வீணாகாது.

ஆண்டு முழுவதும் ஆர்டர்

தங்கும் விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் நமக்கு நல்ல வாசல். காலை உணவு மேசைக்கு ஒரு பாட்டில் இலவசமாகக் கொடுங்கள், பக்கத்தில் நம் அட்டை. அங்கே இட்லிக்குப் பூண்டு ஊறுகாய் தொட்டுக்கொண்டவர் கிளம்பும்போது கேட்பார். விற்பதில் விடுதிக்காரருக்கு ஒரு பங்கு பேசிவிடுங்கள். கடைகளுக்குக் கொடுக்கும்போது முதல் தடவை ஆறு பாட்டிலுக்கு மேல் கொடுக்காதீர்கள். விற்றதற்குப் பணம் வந்த பிறகு அடுத்த ஆறு. கையெழுத்து வாங்கிய பில் கட்டாயம் வேண்டும், தெரிந்தவரானாலும்.

நவராத்திரி தாம்பூலத்துக்கும் தீபாவளிப் பரிசுக்கும் 50 கிராம் குட்டிப் பாட்டில்கள் நன்றாகப் போகும். ஆனால் அதற்குப் பிளம்ஸ் சீசனிலேயே கேட்க வேண்டும். பிளம்ஸ் முடிந்துபோகும் முன்னால் எத்தனை பாட்டில் என்று தெரிந்தால்தான் அதற்கேற்பக் காய்ச்சி வைக்க முடியும்.

பெங்களூரு, கொச்சி என்று வேறு மாநிலத்துக்கு அனுப்பக் கேட்டால் ஆசையில் உடனே சரி சொல்லிவிடாதீர்கள். ஜாம், ஊறுகாய் போன்ற வரி உள்ள பொருளை மாநிலம் தாண்டி விற்க, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். கணக்கர் ஒருவரைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முறையாகப் பயிற்சி வேண்டுமானால், முன்னோடி வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள். சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மகளிர் திட்ட அலுவலகத்தில் குழுக்களின் பொருள்களை விற்கும் மதி விற்பனைக் கண்காட்சி எப்போது என்று கேட்டு வையுங்கள். வேறு ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நாள் நின்று விற்றால் பேச்சு தானாக வரும்.

கடைசியாக, பார்சல். ஒரு பாட்டிலை அட்டைத்தாளில் சுற்றி, பெட்டிக்குள் கசக்கிய செய்தித்தாளை இறுக்கமாக அடைத்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். உடையாவிட்டால்தான் அந்தக் கட்டு அனுப்பத் தகுந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையை நம்ப முடியாது. 2018 நவம்பரில் கஜா புயலில் மரம் விழுந்து பாதை அடைபட்டது நமக்குத் தெரியும். அதனால் அக்டோபர் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று பெட்டியைக் கீழே வத்தலக்குண்டில் தெரிந்தவர் வீட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். ஆர்டர் வந்ததும் போனில் முகவரி சொன்னால் அவர்கள் அங்கிருந்தே தபாலில் சேர்த்துவிடுவார்கள். அவர்களுக்கும் பாட்டிலுக்கு ஐந்து ரூபாய் என்று பேசிக்கொள்ளுங்கள்.